பயமே காட்டாத படமும் திறக்காத கதவும்

'கனெக்ட்' படத்தைப் பார்த்து முடித்தபோது இரவு மணி பத்தரை. கேமரன் மலையில் அன்று மாலையிலிருந்தே மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் மடிக்கணினியின் ஒலியை முழுதாகக் கூட்டி வைத்திருந்தோம். அப்பாவும் அம்மாவும் உறவினர் ஒருவரின் கருமக்கிரியைக்காக ஈப்போவுக்கு இறங்கியிருந்தார்கள். மழையில் சிம்பாங் பூலாய் சாலையில் ஏற வேண்டாம் என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் உள் அறையில் தூங்கும் பாட்டி, செமஸ்டர் விடுமுறைக்கு வந்திருந்த நான், படிவம் 4 படிக்கும் தம்பி. சுற்றிலும் தேயிலைக் காடு. பேய்ப்படம் பார்க்க இதைவிடப் பொருத்தமான இரவு அமையாது.

அப்படியிருந்தும் படம் எங்களைப் பயமுறுத்தவில்லை. தம்பி பாதியிலேயே எழுந்து மெகி சமைக்கப் போனான். திரும்பி வந்து, "பேய் போயிருச்சா, இன்னும் இருக்காக்கா?" என்று கேட்டான்.

இத்தனைக்கும் எதிர்பார்ப்போடுதான் உட்கார்ந்தோம். 2022 டிசம்பர் 22ஆம் தேதி வெளிவந்த இந்தப் படத்தின் இயக்குநர் அஸ்வின் சரவணன். 2015இல் நயன்தாராவை வைத்து 'மாயா' எடுத்தவர். 2019இல் தாப்சி நடித்த 'கேம் ஓவர்' படத்தையும் எடுத்தவர். 'கனெக்ட்' 99 நிமிடம்தான். இடைவேளையே இல்லாத படம் என்று விளம்பரம் செய்தார்கள். பாட்டில்லை, சண்டையில்லை, தனியே ஒட்டவைத்த நகைச்சுவை இல்லை. தமிழில் திகில் படம் எடுப்பவர்களில் இப்படித் துணிகிறவர்கள் குறைவு. அதனாலேயே ஏமாற்றமும் பெரிதாகத் தெரிந்தது.

கதை பெருந்தொற்றுக் கால ஊரடங்கில் நடக்கிறது. நயன்தாராவின் பாத்திரம் சூசன். மருத்துவரான கணவர் நோயாளிகளைக் கவனிக்கப் போய்க் கோவிட் தொற்றால் இறக்கிறார். இறுதியாக முகம் பார்க்கக்கூட வழியில்லை. அப்பாவிடம் ஒரு முறையாவது பேசிவிட வேண்டும் என்று ஏங்கும் மகள் அன்னா, இணையவழியில் ஆவியை அழைக்க முயல்கிறாள். அப்பா வரவில்லை. வேறேதோ வருகிறது. தாயும் மகளும் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் அடைபட்டுக் கிடக்க, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. சூசனின் தந்தையாக வரும் சத்யராஜும் பேயோட்டும் பாதிரியாராக வரும் அனுபம் கெரும் திரை வழியாகத்தான் உதவ முடியும்.

எழுத்தில் படிக்கும்போது இது எவ்வளவு நல்ல கதை! நம்மில் பலர் வாழ்ந்த கதையும்கூட. 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் லயத்தில் அலைவரிசை கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேட்டில் ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு, அத்தையின் கைத்தொலைபேசியில் வகுப்புக்குப் போனேன். ஆசிரியரின் முகம் உறைந்து நிற்கும். வாய் மட்டும் இரண்டு நொடி கழித்து அசையும். அந்த நாள்களில் பழநியில் எங்கள் உறவுக்காரத் தாத்தா ஒருவர் தவறினார். ஆறு அங்குலத் திரையில்தான் பாட்டி தம் அண்ணனுக்கு அழுதார். பாதி அழுகையில் இணைப்பு அறுந்தது. மறுபடி இணைப்பதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அறுந்த திரையைப் பார்த்தபடி பாட்டி உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடத்தைவிடப் பயங்கரமான எதையும் 'கனெக்ட்' எனக்குக் காட்டவில்லை.

படத்தின் குறை அங்கேதான் இருக்கிறது. மகளின் ஏக்கத்தில் தொடங்கிய கதை, பேய் வந்ததும் ஏக்கத்தை மறந்துவிடுகிறது. அதன் பிறகு இருட்டு, கதவு கிறீச்சிடுவது, திடீரென்று எழும் பேரோசை, கட்டிலில் உடல் வளைவது. 1973இல் 'தி எக்ஸார்சிஸ்ட்' காட்டிவிட்ட பிறகு உலகம் முழுவதும் திருப்பித் திருப்பிக் காட்டப்பட்டவை. ஒலியமைப்பு அருமை, நயன்தாராவும் உழைத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் இதே ஊரடங்கில், 2020ஆம் ஆண்டிலேயே, 'ஹோஸ்ட்' என்றொரு ஆங்கிலப் படம் வந்தது. நண்பர்கள் சிலர் ஸூம் அழைப்பில் கூடி ஆவியைக் கூப்பிடும் கதை. ஒரு மணி நேரம்கூட ஓடாது. நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே நடித்த, மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். திரையில் தோழி ஆபத்தில் இருப்பதைப் பார்த்தும் ஒன்றும் செய்ய முடியாத தவிப்பை அது கடைசிவரை விடவில்லை. 'கனெக்ட்'டுக்கும் அதே கருவி கையில் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் தவிக்கும் தாத்தாவை இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

இப்படியெல்லாம் நான் தம்பியிடம் விமர்சனம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கதவு தட்டப்பட்டது.

மூன்று முறை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று முறை.

எங்கள் வீட்டு வாசலில் அப்போது விளக்கு கிடையாது. சன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தேன். மழைச்சட்டையின் தலைமூடியை இழுத்துப் போட்ட ஓர் ஆள் நின்றான். முகம் தெரியவில்லை. உயரத்தை வைத்து, எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளர்களில் ஒருவன் என்று ஊகித்தேன். தம்பி ஓடிப்போய் விளக்கை அணைத்தான். "தொறக்காதக்கா" என்றான். நான் திறக்கவில்லை. இருட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவன் ஏதோ சொன்னான். மறுபடி தட்டினான். பிறகு சேற்றில் காலடி ஓசை விலகிப் போனது.

ஒரு மணி நேரமாக எங்களை அசைக்க முடியாத படத்தை முடித்துவிட்டு, மூன்று தட்டலுக்கு விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். இந்தப் பயத்தைப் படம் எங்களுக்குத் தரவில்லை. அது முன்பே வீட்டில் இருந்திருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று பிறகு நிறைய யோசித்தேன். வீட்டுக்குள் அந்நியர் புகும் திகில் படங்களின் வரலாற்றைத் தேடிப் படித்ததும் அதனால்தான். 2008இல் வந்த 'தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்' இந்த வகையில் பெயர்பெற்ற படம். ஒதுக்குப்புற வீட்டில் ஓர் இளம் தம்பதி. நடுநிசி தாண்டி ஒரு பெண் கதவைத் தட்டி, அங்கே இல்லாத ஒருத்தியைக் கேட்கிறாள். பிறகு முகமூடி அணிந்த மூவர் இரவு முழுக்க அவர்களை வதைக்கிறார்கள். காரணம் எதுவும் இல்லை. இயக்குநர் பிரையன் பெர்டினோ இதன் விதைகளாக இரண்டைச் சொல்லியிருக்கிறார். ஒன்று, அவருடைய சிறுவயதில் யாரோ வீடு வீடாகக் கதவைத் தட்டி, இல்லாத ஒருவரைக் கேட்டுப் போனதும், ஆளில்லாத வீடுகளில் திருட்டு நடந்ததும். மற்றொன்று, மேன்சன் கும்பலின் கொலைகள்.

சார்லஸ் மேன்சன் என்பவனைத் தெய்வ அவதாரம்போல் நம்பிய ஒரு கூட்டம் 1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் இருந்தது. தங்களைக் 'குடும்பம்' என்று சொல்லிக்கொண்டார்கள். 1969 ஆகஸ்ட் 9ஆம் தேதி அதிகாலை, அவன் ஏவ, அவர்களில் சிலர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த நடிகை ஷரோன் டேட் உட்பட ஐவரைக் கொன்றார்கள். மறுநாள் இரவு இன்னொரு வீட்டில் ஒரு தம்பதியைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களில் முகமூடியோடு வாசலில் நிற்கும் கும்பல் இவர்களின் வாரிசுதான்.

என்னை உறுத்தியது அவர்களுடைய வயது. அந்த வீடுகளுக்குள் போனவர்களில் மூன்று பெண்களுக்கு 19, 21, 21. கிட்டத்தட்ட நம் வயது. வீட்டைவிட்டு வெளியேறி, போக்கிடம் இல்லாமல், தங்களை ஏற்றுக்கொண்ட முதல் ஆளைக் குருவாக்கிக்கொண்டவர்கள். இப்படி ஒரு பெண் எந்த நாளில், எந்தச் சொல்லில் தன் அறிவை அடகு வைத்தாள் என்பதல்லவா நமக்கு உண்மையான திகில்? பெரும்பாலான படங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. முகமூடியை மாட்டிவிட்டால் முகத்தை விளக்க வேண்டிய வேலை மிச்சம். 2024இல் 'தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்' கதையை மறுபடி எடுத்தார்கள். மூன்று பாகங்களை ஒரே மூச்சில் படமாக்கி முதல் பாகத்தை வெளியிட்டார்கள். பழைய படத்தின் அதே தட்டல், அதே முகமூடிகள், அதே காரணமின்மை. பதினாறு ஆண்டு கழித்தும் வாசலில் நிற்பவரைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் புதிதாக ஒன்றுமில்லை.

தமிழில் இதற்கு நல்ல விடை 'கேம் ஓவர்'தான். அதே அஸ்வின் சரவணன்! சுவப்னா கணினி விளையாட்டுகளை வடிவமைப்பவள். முன்பு நடந்த ஒரு கொடுமையால் இருட்டைக் கண்டாலே மூச்சு முட்டும். இரண்டு கால்களிலும் கட்டு, சக்கர நாற்காலி. அவள் வீட்டுக்கு முகமூடி அணிந்த கொலைகாரர்கள் வருகிறார்கள். பாக்மேன் விளையாட்டில்போல் அவளுக்கு மூன்று உயிர். கொலைகாரர்கள் யார், ஏன் என்று இந்தப் படமும் அதிகம் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே சுவப்னாவின் பயத்தோடு நாம் ஒரு மணி நேரம் வாழ்ந்துவிடுகிறோம். அந்த இரவு வரும்போது, அவள் வெளியில் இருப்பவர்களோடு மட்டும் சண்டை போடவில்லை என்று தெரிகிறது.

இந்தப் படத்தில் எனக்கு அதிகம் பிடித்தவர் வேலைக்கார அம்மாவாக வரும் கலாம்மா. நடித்தவர் வினோதினி வைத்தியநாதன். சுவப்னாவைத் திட்டி, சோறூட்டி, ஆபத்திலும் விட்டுப் போகாமல் நிற்பவர். இது ஏன் எனக்குப் பெரிதாகப் பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

மலைப் பங்களாவில் நடக்கும் பேய்ப்படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நகரத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் ஏறி வரும். பனிமூட்டம். கம்பளி போர்த்திய காவல்காரக் கிழவன் ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிடுவான். சமையல்காரக் கிழவி "ராத்திரியில வெளிய போகாதீங்கம்மா" என்பாள். தோட்டத்து ஆள்கள் தீப்பந்தத்தோடு ஏதோ ஒரு சாமியைக் கும்பிடுவார்கள். அதைக் கண்டு கதாநாயகி நடுங்குவாள். சின்ன வயதில் நானும் அந்தக் கதாநாயகியோடு சேர்ந்துதான் நடுங்கினேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் புரிந்தது: அந்தக் காவல்காரர் எங்கள் தாத்தா. அந்தக் கிழவி எங்கள் பாட்டி. தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனியாண்டி, இரவில் எங்களைப் பயமுறுத்த வருபவர் அல்லர். வேட்டைநாய்களோடு சுற்றிக் காவல் காப்பவர் என்று சொல்லித்தான் பாட்டி என்னைத் தூங்கவைத்தார். பங்களாவிலிருந்து பார்த்தால் லயத்து மக்கள் எல்லாருமே ஒரு மர்மக் கூட்டம்.

1929இல் இங்கே தேயிலை போட ஆரம்பித்த காலத்திலிருந்து காட்டை வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் எங்கள் ஆள்கள்தாம். ஆனால் கேமரன் மலை என்றதும் உலகம் சொல்லும் மர்மக் கதை பங்களாக் கதைதான். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகில் 'மூன்லைட்' பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். மற்றவர்கள் பிற்பகலில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே போனவர் திரும்பவே இல்லை. காவல்துறையினர், இராணுவத்தினர், காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த பூர்வக்குடியினர் என்று பெரும்படையே தேடியது. இன்றுவரை தடயம் இல்லை. எங்கள் மலையின் திகில் கதையில் யாரும் வீட்டுக்குள் புகவில்லை பாருங்கள். ஒருவர் வீட்டிலிருந்து வெளியே நடந்துபோனார், அவ்வளவுதான்.

அதே 1967இல்தான் ஏவி.எம். நிறுவனத்தின் 'அதே கண்கள்' வந்தது. பெரிய வீடு, முகமூடிக் கொலைகாரன், பயந்து அலறும் பெண்கள். தமிழில் 'கேம் ஓவர்' படத்துக்குப் பாட்டி முறை. எங்கள் பாட்டி அதைத் தோட்டத்துத் திடலில், இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில் பார்த்தாராம். "பயமா இருந்துச்சா பாட்டி?" என்று கேட்டேன். "இருக்காதா பின்ன? ஆனா படம் முடிஞ்சு எல்லாரும் ஒண்ணாத்தானே நடந்து வருவோம். டார்ச் லைட்டு ஒண்ணு இருக்கும், ஆளு முப்பது பேரு. லயத்துல அப்பல்லாம் கதவுக்குத் தாழ்ப்பாளே ஒழுங்கா இருக்காது" என்றார்.

இப்போது எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் தமிழர் இல்லை. படித்தவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். அந்த வீடுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டனார் கப்பலேறி வந்தபோது செய்த அதே வேலையைச் செய்கிறார்கள். நாங்கள் அவர்களோடு சண்டை போட்டதில்லை. பேசியதும் இல்லை. "அவனுங்க இருக்கானுங்க, கதவச் சாத்திக்கோ" என்பது சாயங்காலமானால் எல்லா வீட்டிலும் கேட்கும் வாக்கியம். யாருக்காவது அவர்கள் கெடுதல் செய்தார்களா என்று கேட்டால் பதில் வராது.

மறுநாள் காலையில் விஷயம் தெரிந்தது. கடைசி வீட்டில் இருப்பவர்களில் ஒருவருக்கு மாலையிலிருந்தே தாங்க முடியாத வயிற்றுவலி. அவருடைய நண்பர், வேன் வைத்திருக்கும் வீடு என்று எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார். விளக்கு எரிந்துகொண்டிருந்ததும் எங்கள் வீட்டில்தான். தட்டியதும் அது அணைந்தது. பிறகு மழையில் மேல் லயம்வரை ஏறிப்போய், அங்கிருக்கும் பெரியப்பாவை எழுப்பியிருக்கிறார். பெரியப்பாதான் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். குடல்வால் வீக்கம். இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார்களாம்.

வேன் ஈப்போவில் இருந்தது உண்மை. ஆனால் என் கையில் தொலைபேசி இருந்தது. பெரியப்பாவை அழைக்க ஒரு நிமிடம் போதும். அவசர ஊர்தியை அழைத்திருக்கலாம். எதுவும் இல்லாவிட்டால் குடையாவது கொடுத்திருக்கலாம்.

அப்பா திரும்பி வந்ததும் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பையன் என்ன சொன்னான்னு கேக்கலயா?" மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். அது பொய். "காக், தோலோங்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா, உதவுங்கள் என்று எந்த மொழிக்காரருக்கும் புரியும் மலாய்தான் அது. பள்ளியில் மலாய்மொழிப் பாடத்தில் 'ஏ' வாங்கியவள் நான்.

இரண்டு வாரம் கழித்து நோயாளி திரும்பிவிட்டார். வயது இருபத்திரண்டு என்று பெரியப்பா சொல்லித்தான் தெரிந்தது. கதவைத் தட்டியவரை ஒரு நாள் மாலை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்தேன். முன்பு நான் வகுப்புக்கு ஏறிய அதே மேட்டில் நின்று, திரையில் யாரோ ஒரு வயதான அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. என்னைக் கண்டதும் தலையை அசைத்துச் சிரித்தார். அன்றிரவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "நண்பருக்கு எப்படி இருக்கிறது?" என்று மலாயில் கேட்டேன். "பாய்க், காக்" என்றார். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

அப்பா தானா ராத்தாவில் ஒரு விளக்கு வாங்கி வந்து வாசலில் மாட்டியிருக்கிறார். இப்போது யார் வந்து நின்றாலும் சன்னலிலிருந்து முகம் தெரிகிறது. ஏழு மணிக்கு அதைப் போடுவது தம்பியின் வேலை. பூச்சியெல்லாம் வீட்டுக்குள் வருகிறது என்று தினமும் முணுமுணுத்துக்கொண்டே போடுகிறான்.